கடன் பத்திரத்தில் மூன்றாவது பெயர்

"உங்கள் விண்ணப்பத்தை மதிப்பீடு செய்தோம். உங்களுக்கு வீட்டுக்கடன் வழங்கக்கூடிய நிலையில் நாங்கள் இல்லை." கடிதத்தின் திகதி 2024 ஜனவரி 17, புதன்கிழமை. நோர்வேஜிய மொழியில் மொத்தம் நான்கு வசனங்கள். முதல் இரண்டைத்தான் மேலே தமிழில் தந்திருக்கிறேன். மூன்றாவது வசனம், இந்த முடிவைக் கணினியே எடுத்தது என்றது. நான்காவது, நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்தியது. விண்ணப்பத்தை நான் அனுப்பியது பிற்பகல் நான்கு பத்துக்கு. பதில் நான்கு பன்னிரண்டுக்கு வந்துவிட்டது. தேநீருக்கு வைத்த தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை.

எனக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. 1990 இலையுதிர்காலத்தில் நோர்வேக்கு வந்தேன். முதல் மூன்று ஆண்டுகள் வடக்கே பாட்ஸ்பியோர்டில் மீன் தொழிற்சாலையில் வேலை, பிறகு ஒஸ்லோ. ஒஸ்லோவில் இருந்த ஐந்து முகவரிகளும் வாடகை முகவரிகள். ஐந்தாவது, பியோர்ண்டாலில் ஒரு தொடர்வீட்டின் கீழ்த்தளம். பாதி மண்ணுக்குள் இருக்கும் வீடு. குளிர்காலத்தில் யன்னலின் கீழ்ப்பாதி பனியால் மூடியிருக்கும். மேற்பாதியில் மேல்வீட்டுக்காரரின் காலணிகள் தெரியும். நான் ஒரு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, கிருமிநீக்கி, பொதிசெய்து, திகதி ஒட்டும் பிரிவில் வேலை செய்கிறேன். மனைவி ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். எங்களுக்கு ஒரே மகள். அவள் 1999இல் இங்கே பிறந்தவள்.

மறுப்புக் கடிதம் என்னை வியப்படையச் செய்யவில்லை என்று எழுதினால் அது பொய். என் சம்பளம் பல ஆண்டுகளாக அந்த வங்கிக்குத்தான் போகிறது. பழகிய இடம் என்பதால் அங்கேதான் முதலில் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். ஊரில் கடன் கேட்பதானாலும் பழகிய கடையில்தான் கேட்போம். ஆனால் நான் கடனில் வங்குரோத்தாகி முறிந்தபோது நட்டப்பட்ட வங்கியும் அதுதான். சட்டப்படி என் பெயருக்கெதிரே இருந்த குறிப்புகள் எல்லாம் எப்போதோ அழிந்துவிட்டன. அந்த வங்கியின் சொந்த நினைவில் அவை அழியவில்லை போலும்.

முறிந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும்.

என் மனைவியின் தமையன் 2004இல் நோர்வேக்கு வந்தார். பலசரக்குக் கடை வைக்க ஆசைப்பட்டார். அரிசி, மா, கருவாடு, உறைந்த மீன், வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி. அவருக்கு இங்கே வருமான வரலாறு இல்லை, எந்த வங்கியும் கணக்கெடுக்காது. "மச்சான், உன்ரை பேர் சுத்தம். பேரை மட்டும் தா, உழைப்பு என்ரை" என்றார். மனைவியின் தமையனுக்கு மறுப்பது எங்கள் ஆட்களிடையே மனைவிக்கே மறுப்பதுபோல. கடை என் தனிப்பெயரில் பதிவாயிற்று. கல்லாவில் அவர் இருந்தார்.

வங்கியில் கையெழுத்திட்டது 2007 ஓகஸ்ட் 22, புதன்கிழமை. புதனில் இராகுகாலம் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும். எங்களுக்குக் கிடைத்த சந்திப்பு நேரம் பதினொன்றரை. அங்கிருந்த பெண் ஊழியர் பத்திரங்களை ஒவ்வொரு பக்கமாக விளக்கத் தொடங்கினார். மூன்றாம் பக்கத்தில் மச்சான் என் முழங்கையைத் தொட்டார்.

"மச்சான், பதினொண்டு நாப்பத்தெட்டு."

"இன்னும் பத்துப் பக்கம் கிடக்கு."

"அவள் வாசிச்சுக்கொண்டிருந்தா இராகுகாலத்திலதான் கடைக்குக் கையெழுத்து வைப்பம். வாசிச்சாச்சு எண்டு சொல்லன். வீட்டை போய் ஆறுதலா வாசிக்கலாம்."

நான் அந்தப் பெண்ணிடம், பத்திரங்களை ஏற்கெனவே வாசித்துவிட்டோம் என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, கையெழுத்திட வேண்டிய இடங்களில் பென்சிலால் சிறு பெருக்கல் குறி போட்டுத் தந்தார். பதினொன்று ஐம்பத்து நான்குக்கு எல்லாம் முடிந்தது. கையில் கிடைத்த எதையும் வாசிக்கிறவன் நான்; மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளைக்கூட முழுமையாக வாசிப்பேன். அந்தப் பத்துப் பக்கங்களை நான் வாசித்தது 2011இல், ஒரு சட்டத்தரணியின் மேசையில். தனிப்பெயர்க் கடையின் கடன் என்பது உரிமையாளரின் சொந்தக் கடன். கடை மூடினாலும் அது மூடாது. அதைத்தான் அந்தப் பத்துப் பக்கமும் சொன்னது. 2007இல் வாசித்திருந்தால் கையெழுத்திட்டிருக்க மாட்டேனா என்பதும் எனக்குத் தெரியாது.

மச்சானை ஏமாற்றுக்காரர் என்று எழுதினால் அநியாயம். காலை ஏழிலிருந்து இரவு பத்துவரை கடையில் நின்றவர். கொப்பியில் கடன் எழுதிக் கொடுத்தார், ஆட்கள் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒரு கோடையில் குளிரூட்டி நின்று மீன் முழுதும் பழுதாயிற்று. 2010 முடிவில் கனடாவுக்கு, ஒரு கலியாணத்துக்கு என்று போனவர் திரும்பவில்லை. 2011 மார்ச்சில் நீதிமன்றம் என்னை முறிந்தவனாக அறிவித்தது.

அதற்குப் பிறகும் கடன் தீராமல் நின்றது. 2012 இலையுதிர்காலத்தில் கடன் தீர்வு ஒழுங்கு ஒன்றுக்குள் வந்தேன். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அரசு குறித்த தொகையை வைத்துக்கொண்டு, மிச்சம் முழுவதையும் ஐந்து ஆண்டுகளுக்குக் கொடுக்கவேண்டும். ஒழுங்காகக் கொடுத்தால் மீதி தள்ளுபடி. ஒழுங்காகக் கொடுத்தேன். மகளுக்குப் பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயதுவரை அந்த ஐந்து ஆண்டுகள். வகுப்பிலிருந்து பனிச்சறுக்கப் போகிற வாரம் வந்தால், தனக்குக் காய்ச்சல் என்று அவளே ஆசிரியருக்கு எழுதிவிடுவாள். எனக்கு அது தெரியவந்தது மூன்றாவது வருடம்தான். 2017 ஒக்டோபரில் ஒழுங்கு முடிந்தது. அன்றிலிருந்து நானும் மனைவியும் சேமித்தோம். யாரும் என்னிடம் கையெழுத்துக் கேட்கக்கூடாது, நானும் யாரிடமும் கேட்கமாட்டேன் என்று முடிவெடுத்திருந்தேன்.

ஜனவரியில் விண்ணப்பம் போட்டதற்கு அவசரக் காரணம் எதுவும் இருக்கவில்லை. பெப்ரவரி 26ஆம் திகதி அவசரம் வந்தது. வீட்டின் சொந்தக்காரரான மேல்வீட்டுக்காரர் கடிதம் ஒன்றை நேரே கொண்டுவந்து தந்தார். நல்ல மனிதர், காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, தன் மகன் குடும்பத்தோடு திரும்பி வருகிறான், கீழ்வீடு தேவைப்படுகிறது என்றார். மூன்று மாத அவகாசம். மே 31க்குள் வெளியேறவேண்டும்.

அடுத்த சில வாரங்களில் இன்னும் இரண்டு வங்கிகள் மறுத்தன. மாநகரசபையின் வீட்டுக்கடனுக்கும் எழுதினோம். நீங்கள் இருவரும் நிரந்தர வேலையில் இருப்பதால் சாதாரண வங்கிகளை அணுகலாம் என்று பதில் வந்தது. வாடகைக்கும் தேடினோம். விளம்பரத்தில் வருகிற ஒவ்வொரு வீட்டுக்கும் படிக்கட்டுவரை வரிசை. மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்திருந்தன. மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடிகளை அவர் கீழே நின்று பார்த்தார்.

மார்ச் 9, சனிக்கிழமை, தெரிந்த ஒரு குடும்பத்து மகளின் சாமத்திய வீடு, பூப்புனித நீராட்டு விழா. பாடசாலை மண்டபம் ஒன்றில் வைத்தார்கள். ஆண்கள் இருந்த மேசையில் வழமைபோல வட்டி வீதம்தான் பேச்சு.

"இன்னும் குறைக்கமாட்டாங்களாம். மாசம் மாசம் எங்களைப் பிழியிறாங்கள்."

"நீ ஏன் அழுறாய்? ரெண்டு வீடு வைச்சிருக்கிறவன் அழுதா, ஒரு வீட்டுக்காரன் நான் தூக்கில தொங்கோணும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "உண்மையான கெட்டிக்காரன் இவர்தான். கடனுமில்லை கத்தரிக்காயுமில்லை. வட்டி ஏறினாலென்ன இறங்கினாலென்ன, மனிசன் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்."

"எனக்கு ஆர் தாறான் கடன்?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்காமல் தன் தட்டிலிருந்த மிளகாயை ஒதுக்கினார். அவர் எங்கள் பழைய கடைக்கு மரக்கறி கொண்டுவந்தவர். அவருக்கும் அப்போது முழுப்பணமும் போய்ச்சேரவில்லை.

"அண்ணை, இன்னும் அந்த நிலவறையிலதானோ?" என்று கேட்டார் இளையவர் ஒருவர்.

"ஓம். செத்தாக் கிடங்கு வெட்டத் தேவையில்லை, பாதி வெட்டிக்கிடக்கு."

அதற்கும் சிரித்தார்கள். மே 31 பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மனைவி கனடாவுக்கு அழைத்தார். தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்தார், நான் கேட்கவேண்டும் என்பதற்காக.

"அண்ணை, ஒரு வீடு வாங்கப் பாக்கிறம். பாங்கில கொஞ்சம் கரைச்சல்."

"என்ன கரைச்சல்? ரெண்டு பேரும் வேலைதானே?"

"பழைய கடை விசயம் அண்ணை. இன்னும் அவையின்ரை கொம்பியூட்டருக்குள்ள கிடக்காம்."

அந்தப் பக்கம் யாரோ பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்டது.

"அது எந்தக் காலத்துக் கதை பிள்ளை. நான் அதெல்லாம் மறந்திட்டன். இப்ப இஞ்சை ரெண்டாவது வீட்டுக்கும் கட்டிக்கொண்டிருக்கிறன், கையில ஒண்டும் இல்லை. மச்சான் நிக்கிறாரோ? மச்சான், யோசியாதை! எல்லாம் நேரம் வரேக்கை வரும். வீடு குடிபூரலுக்குக் கட்டாயம் வந்து நிப்பன்."

மனைவி தொலைபேசியை அணைத்தார். "அண்ணை மறந்திட்டாராம்" என்றார். பிறகு, "நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை" என்றார்.

"என்னத்தைச் சொல்லுறது?"

"எனக்கு ஏசலாம். பதின்மூண்டு வருசமா நீங்கள் எனக்கு ஏசேல்லை. ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

நான் ஏசவில்லை. ஏசாமல் இருந்தது பெருந்தன்மையா, தண்டனையா என்று அன்றுதான் முதல்முறையாக யோசித்தேன். இன்னும் முடிவுக்கு வரவில்லை.

மார்ச் 21ஆம் திகதி ஒரு சிறிய சேமிப்பு வங்கியில் மனிதரோடு பேசும் வாய்ப்புக் கிடைத்தது. ஆலோசகர் என் மகளைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். என் வாழ்க்கையின் முறிவு அவருடைய திரையில் இல்லை. நானே சொன்னேன், திகதிகளோடு. அவர் கவனமாகக் கேட்டார். இப்போது உங்களுக்கெதிராக எதுவும் இல்லை, சேமிப்பும் போதும், அது மதிக்கத்தக்கது என்றார். ஆனால் வயது, இரண்டு சிறிய சம்பளங்கள், ஒஸ்லோவின் வீட்டு விலை, இவை மூன்றையும் பழைய வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் தன்னால் ஓம் என்று சொல்ல முடியாது என்றார். பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா? வேலை செய்கிறார்களா?" என்று கேட்டார்.

மகள் பல்கலைக்கழகம் முடித்து, பொறியியல் நிறுவனம் ஒன்றில் இரண்டு ஆண்டுகளாக வேலை செய்துகொண்டிருந்தாள். நகரத்தில் மூன்று தோழிகளோடு ஒரு வாடகை வீட்டில் இருந்தாள். அவள் எங்களோடு சேர்ந்து கடனாளியாகக் கையெழுத்திட்டால் வங்கி கடன் தரும். விண்ணப்பத்தில் மூன்று பெயர்கள். யார் கட்டத் தவறினாலும் முழுக் கடனுக்கும் மற்றவர்கள் பொறுப்பு.

நான் நன்றி சொல்லி எழும்பினேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம், அங்கேயும் இல்லை என்றாகிவிட்டது என்றேன். ஆலோசகரின் கேள்வியையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னது வாய்தவறி அல்ல என்று இப்போது நினைக்கிறேன். நானே மகளிடம் கேட்பதில்லை என்று முடிவெடுத்திருந்தவன், கேட்கக்கூடிய ஒருவரிடம் அதைக் கொண்டுபோய் வைத்தேன்.

ஏப்ரல் 6, சனிக்கிழமை, மகள் தன் மடிக்கணினியோடு வந்தாள். காலணியைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டாள்.

"அம்மா எல்லாம் சொன்னவ. ஏன் அப்பா நீங்கள் என்னைக் கேக்கேல்லை?"

"அது வேண்டாம் பிள்ளை. வாடகைக்குப் பாப்பம்."

"எங்கை? முப்பது பேர் லைன்ல நிக்கிற இடத்திலயோ? மே முப்பத்தோராம் திகதி எங்கை போகப் போறீங்கள், என்ரை அறைக்கோ? எங்களுக்கு நாலு பேருக்கு ஒரு டூ அப்பா. நீங்கள் காலமை அரை மணித்தியாலம் உள்ளுக்கை இருந்து பேப்பர் வாசிப்பீங்கள். கலவரம் வரும்."

அவளுடைய தலைமுறைக்குக் கழிப்பறை என்றால் 'டூ' தான். மனைவி சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"மாமா கேட்ட உடனை ஓம் எண்டனீங்கள்" என்றாள்.

"அதாலதான் உன்னைக் கேக்கேல்லை."

"ஆனா அப்பா, கேக்காட்டி நான் தப்பியிடுவனோ? நீங்கள் ரெண்டு பேரும் றோட்டில நிண்டா ஆர் பாக்கிறது? எனக்கு அண்ணன் தம்பி ஆரும் இருக்கினமோ?"

"நாளைக்கு நீயும் வீடு வாங்கோணும். அதுக்கு இது இடைஞ்சல் எல்லோ?"

"அதைப் பிறகு பாப்பம்." அவள் என்னைப் பார்க்கவில்லை, கணினியைத் திறந்துகொண்டிருந்தாள். "ஆனா ஒண்டு. எல்லாத்தையும் வாசிப்பம். ஒரு வரி விடாமல். அம்மாவும் இருக்கோணும்."

வங்கியின் நிபந்தனைகள் பத்தொன்பது பக்கங்கள். அவள் நோர்வேஜிய மொழியில் வாசித்து, தாய்க்குத் தமிழில் சொன்னாள். தமிழ் வராத இடத்தில் நான் சொன்னேன். காலை பத்தரைக்குத் தொடங்கி, இடையில் சோறு சாப்பிட்டு, ஒன்றரைக்கு முடித்தோம். கூட்டுப் பொறுப்பு என்ற பகுதியில் மனைவி நிறுத்தினார்.

"அப்பிடியெண்டா?"

"நீங்கள் ரெண்டு பேரும் கட்டேல்லையெண்டா முழுதும் நான் கட்டோணும் அம்மா."

"நாங்கள் செத்துப்போனா?"

"அப்பவும் நான்தான். வீட்டை விக்கலாம். வித்து வாற காசு காணாட்டி மிச்சத்துக்கும் நான்தான்."

மனைவி எழும்பிப் போய் அடுப்பை அணைத்தார். அடுப்பு ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, "சரி, மிச்சத்தை வாசி" என்றார். அன்று நல்ல நேரம் பார்த்ததாக என் நாட்குறிப்பில் இல்லை. யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது கையெழுத்துக்குப் பேனா தேவையில்லை. கைத்தொலைபேசியில் கடவுச்சொல்லைத் தட்டினால் போதும். முதலில் நான், பிறகு மனைவி, கடைசியாக மகள். அவள் தட்டிவிட்டுத் தொலைபேசியைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள்.

வங்கியின் உறுதிக் கடிதம் ஏப்ரல் 12இல் வந்தது. இங்கே வீடுகள் ஏலத்தில்தான் விற்கப்படும்; எவ்வளவு வரைக்கும் கேட்கலாம் என்பதும் அதில் இருந்தது. 17ஆம் திகதி மோர்டென்ஸ்ருட்டில் ஒரு வீட்டுக்குக் கேட்டோம், அரை மணித்தியாலத்தில் எங்கள் எல்லையைத் தாண்டிப் போய்விட்டது. 24ஆம் திகதி, புதன்கிழமை, அதே பகுதியில் இரண்டாவது. நிலத்தடித் தொடருந்தின் கடைசித் தரிப்பிடத்திலிருந்து ஏழு நிமிட நடை, மின்தூக்கி உண்டு, இரண்டு படுக்கையறை. சமையலறை பழசு. அதனால்தான் எங்களுக்கு எட்டியது.

ஏலம் தொலைபேசிச் செய்திகளில் நடந்தது. மகள் தன் அலுவலகத்திலிருந்து விலை கேட்டாள். நான் வேலையில். கிருமிநீக்கிய பகுதிக்குள் தொலைபேசி கொண்டுபோக முடியாது. உடுப்பு மாற்றும் அறையில் தலைமூடியோடு நின்றேன். இரண்டு பதினெட்டுக்கு அழைத்தாள்.

"அப்பா, மற்ற ஆள் திரும்பவும் கூட்டியிட்டார். எங்களுக்கு இன்னும் ஒருக்காத்தான் கூட்டலாம். அது போட்டா எல்லை முடிஞ்சுது. ரெண்டரை மட்டும் நேரம்."

"நீ என்ன நினைக்கிறாய்?"

"நான் உங்களைக் கேக்கிறன்."

அவளுடைய குரல் மெல்லியதாக இருந்தது. அலுவலகத்தில் பக்கத்தில் ஆட்கள் இருந்திருக்கலாம். ஒஸ்லோவில் வீட்டு ஏலத்தில் கேட்ட விலை ஏற்கப்பட்டால் அதோடு முடிந்தது. மனம் மாறிவிட்டது என்று அடுத்த நாள் போய்ச் சொல்ல முடியாது. இன்னும் பன்னிரண்டு நிமிடங்கள் இருந்தன. வேண்டாம், விடு என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் வாய்வரை வந்ததாக நினைவில் இருக்கிறது, ஆனால் நினைவு எனக்குச் சாதகமாக எழுதிக்கொள்ளும் என்பதும் எனக்குத் தெரியும்.

"சரியா யோசிச்சனீங்களோ?" என்று அவள் திரும்பக் கேட்டாள்.

"போடு" என்றேன்.

இரண்டு நாற்பத்தொன்றுக்கு வீடு எங்களுடையதாயிற்று. மகள் ஒரு வீட்டுப் படமும் நான்கு வியப்புக்குறிகளும் அனுப்பினாள். நான் கைகளைக் கழுவிவிட்டு உள்ளே போய், மிச்சப் பொதிகளுக்குத் திகதி ஒட்டினேன்.

மே 8ஆம் திகதி கடன் பத்திரம் வந்தது. அச்சில் மூன்று பெயர்கள், அகரவரிசைப்படி அல்ல, வயதுப்படி. மே 30, வியாழக்கிழமை, பியோர்ண்டாலிலிருந்து ஒரு வாடகை வாகனத்தில் மூன்று தடவையாகப் பொருட்களைக் கொண்டுவந்தோம். புதுவீட்டில் முதல் காலையில் மனைவி யன்னலோரம் நின்று கீழே பேருந்துகளைப் பார்த்தார். "ஆக்களின்ரை தலை தெரியுது" என்றார். பன்னிரண்டு ஆண்டுகளாகக் காலணிகளைப் பார்த்தவர். சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்கு அந்த வீட்டில் நித்திரை வரச் சில வாரங்கள் எடுத்தன. வட்டி பற்றிய செய்தி வருகிற நாட்களில் இப்போதும் வருவதில்லை. எனக்கு எழுபத்தைந்து வயதாகும்போது அந்தக் கடன் முடியும். மகளுக்கு அப்போது நாற்பத்தைந்து.

குடிபூரல் ஜூன் 15, சனிக்கிழமை. பால் காய்ச்சினோம். இருபது பேர்வரை வந்தார்கள். வட்டி வீதம் பேசும் மேசை என் வீட்டிலும் அமைந்தது. "இனி நீரும் எங்கடை சங்கத்தில ஒரு ஆள்" என்று என் தோளில் தட்டினார்கள். மகளின் வீட்டுத் தோழிகளில் ஒருத்தியும் வந்திருந்தாள். எங்கள் ஆட்களின் பிள்ளை, மகளோடு படித்தவள். சமையலறையில் வடைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு நின்றவளுக்கு நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

"நல்ல வெளிச்சமான வீடு அங்கிள்" என்றாள். "அவளுக்கும் இப்பிடி ஒண்டு கிட்டத்தட்ட வந்ததுதானே."

"ஆருக்கு?"

"இவளுக்குத்தான். மார்ச்சில பாங்க் அவளுக்கு ஓம் எண்டு சொல்லி, நாங்கள் ரெண்டு பேரும் வீடு பாக்கப் போனனாங்கள். சின்ன வீடு, ஒரு அறை. பிறகு…" என் முகத்தில் எதையோ கண்டிருக்கவேண்டும். "இல்லை அங்கிள், நான் மாறிச் சொல்லுறன் போல. அது வேறை ஃபிரெண்ட். எனக்கு எல்லாம் குழம்பும்."

வடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டாள். அங்கே மகள் யாருடைய பகிடிக்கோ உரத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வங்கி ஒழுங்கு எனக்குத் தெரியும். ஒருவர் வாங்கக்கூடிய கடனுக்கு அவருடைய வருமானத்தை வைத்து ஓர் எல்லை இருக்கிறது. எங்கள் கடனில் பெயர் சேர்ந்த அன்றே மகளின் எல்லை நிரம்பிவிட்டது; அதற்கு முன் வேறொரு வங்கி அவளுக்கு ஏதாவது உறுதி கொடுத்திருந்தால் அது பயனற்றுப் போயிருக்கும். இது பொது விதி. மகளின் விடயத்தில் நடந்தது என்ன என்பதற்கு என்னிடம் இருக்கும் ஆதாரம், ஒரு சமையலறையில் சொல்லப்பட்டு, சொன்னவராலேயே உடனே மறுக்கப்பட்ட இரண்டு மூன்று வசனங்கள் மட்டும். மனைவிக்குத் தெரியுமா என்பதும் எனக்குத் தெரியாது.

இதை எழுதும் இன்று வரை நான் மகளிடம் கேட்கவில்லை. 2024 மார்ச்சில் அவள் பெயரில் தனியாக ஒரு கடன் உறுதி இருந்ததா, ஏப்ரல் 6ஆம் திகதி எங்களுக்காகக் கையெழுத்திட்டபோது அவள் அதைக் கைவிட்டாளா என்பது உறுதிப்படுத்தப்படவில்லை.